தாழ்வு மனப்பான்மை யாருக்கு?

எங்கள் பக்கம் இப்போது யாரும் 'அவன் பயந்தவன்', 'கூச்சக்காரன்' என்று சொல்வதில்லை. 'அவனுக்குத் தாழ்வு மனப்பான்மை' என்கிறார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்கிறார். வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர் சொல்கிறார். பெண் பார்க்க வந்த இடத்தில் தரகர்கூடச் சொல்கிறார். தென்காசி பஸ் ஸ்டாண்டில் ராசிபலன் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்து விற்கிற தன்னம்பிக்கைப் புத்தகங்களில் அதற்கென்று ஒரு அத்தியாயம் இருக்கும். காய்ச்சல், தலைவலி மாதிரி அதுவும் ஒரு சீக்காகிவிட்டது. ஆனால் அந்தச் சீக்கு வருகிற தெரு மட்டும் மாறுவதே இல்லை.

'தாழ்த்தப்பட்டவர்' என்ற சொல்லை நம்மில் பலருக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. இருந்தாலும் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. தாழ்த்தப்பட்டவன் ஒருவன் இருந்தால் தாழ்த்தியவன் ஒருவன் இருந்தாக வேண்டும். 'தாழ்வு மனப்பான்மை' என்று சொன்ன மாத்திரத்தில் அந்த ஆள் காணாமல் போய்விடுகிறான். தாழ்வும் நம்முடையது, மனமும் நம்முடையது. அவன் பாட்டுக்குத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம்.

இந்தக் கருத்தைப் பரப்பியவர் வியன்னா நகரத்து மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லர். ஃபிராய்டோடு சேர்ந்து இயங்கி 1911இல் பிரிந்து வந்தவர். எல்லாக் குழந்தைகளும் பெரியவர்கள் முன்னால் தங்களைச் சிறியவர்களாக உணர்கிறார்கள், அந்த உணர்வே வளரவும் தூண்டுகிறது, அதிலேயே மாட்டிக்கொண்டால்தான் சிக்கல் என்பது அவர் வாதம். அதோடு அவர் நிற்கவில்லை. உயர்வு மனப்பான்மை என்று ஒன்றையும் சொன்னார். எந்நேரமும் தன்னை மேலானவனாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியவன் உள்ளே ஒரு தாழ்வை ஒளித்து வைத்திருக்கிறான் என்றார். தமிழுக்கு வந்தபோது முதல் பாதி மட்டும் பஸ் ஏறி வந்தது. இரண்டாம் பாதியைப் பஸ் ஸ்டாண்டுப் புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். கர்வம் பிடித்த மேலாளரைச் சமாளிப்பது எப்படி என்று நாலு வரி கிடைத்தது. ஊர்த்தெருவைப் பற்றி ஒரு வரி இல்லை.

இந்தப் புத்தகங்களை ஒரேயடியாகக் குப்பை என்று தள்ள நான் தயாரில்லை. எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' புத்தகத்தை எங்கள் விடுதியில் அட்டை கிழியக் கிழிய வாசித்தோம். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனிடம் 'உன்னால் முடியும்' என்று சொல்ல வேறு நாதி இல்லாத காலத்தில் அந்தப் புத்தகம் சொன்னது. அதை மறக்கக் கூடாது.

கோபம் வந்தது வேறொரு இடத்தில். நான் படித்த கல்லூரியில் ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி என்று ஒருவரைக் கூட்டி வந்தார்கள். 'தாழ்வு மனப்பான்மை இருக்கிறவங்க கை தூக்குங்க' என்றார். யாரும் தூக்கவில்லை. அவரே பார்த்துப் பொறுக்கி ஆறேழு பேரை எழுப்பி விட்டார். எழுந்து நின்றவர்கள் எல்லோரும் விடுதிப் பையன்கள். 'எதிராளியோட கண்ணைப் பார்த்துப் பேசணும், நிமிர்ந்து நடக்கணும், நம்மை நாமே தாழ்த்திக்கக் கூடாது' என்றார். வகுப்பே கை தட்டியது.

எங்கப்பாவை நினைத்துக்கொண்டேன். வயல் வேலை முடித்து ஊர்த்தெரு வழியாக வரும்போது தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போகும். செருப்பு கைக்குப் போகும். பத்து வயசுப் பொடியன் 'ஏலே' என்று பேர் சொல்லிக் கூப்பிடுவான். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே 'சொல்லுங்க சாமி' என்பார். அதே மனுசன் எங்கள் தெருமுனை வேப்பமரத்தைத் தாண்டிவிட்டால் துண்டு தானாகத் தோளுக்கு ஏறும், குரல் ரெண்டு மடங்கு ஆகும். தெருவில் வழக்கு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பேசினால் எதிர்ப்பேச்சு கிடையாது. ஒரே ஆள், ஒரே மனசு, ரெண்டு தெரு. தாழ்வு அவர் மனசுக்குள் இருந்திருந்தால் வேப்பமரத்தைத் தாண்டி வீடு வரைக்கும் கூடவே வந்திருக்க வேண்டாமா? கண்ணைப் பார்த்துப் பேசினால் அடி விழும் என்று தெரிந்த ஒருவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அதற்குப் பெயர் சீக்கு இல்லை, கணக்கு.

இதை நான் சொன்னால் உணர்ச்சிவசப்படுகிறான் என்பார்கள். உத்தரப்பிரதேசத்தில் கர்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தி 2004இல் வெளியிட்டார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள், மேல்சாதி என்றும் தலித் என்றும் சம எண்ணிக்கையில். சிக்கலான கோட்டுப் படத்துக்குள் வழி கண்டுபிடிக்கிற புதிர்களைக் கொடுத்தார்கள், சரியாகப் போட்டால் காசு. சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுதான் போட்டார்கள். அத்தனை பேர் முன்னிலையிலும் ஒவ்வொருவன் பெயரையும் சாதியையும் வாசித்துவிட்டுக் கொடுத்தபோது தலித் பையன்கள் போட்ட எண்ணிக்கை சரிந்தது. அதே மூளை, அதே புதிர். நடுவில் வந்தது ஒரு வாசிப்பு மட்டும். அந்தப் பையன்களை எழுப்பிவிட்டு நிமிர்ந்து நட என்று புத்தி சொன்னால் எப்படி இருக்கும்?

குற்றாலத்துத் தண்ணியில் தலையைக் காட்டினால் பித்தம் தெளியும், பைத்தியம் தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சீசனில் மெயினருவியில் நெரிசலுக்குள்ளே சித்தம் கலங்கியவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். பயிற்சிக்காரர் சொன்னதை அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். 'எய்யா, தலைக்குள்ள உள்ள கேடுன்னா குத்தாலத்துத் தண்ணி போதுமே, ஒரு நா போயி குளிச்சிட்டு வந்திருவமே. இது தெருவுல கெடக்குல்லா' என்றாள். அவள் ஆட்லரைப் படிக்கவில்லை.

தென்காசியிலிருந்து பண்பொழிப் பக்கம் போனால் மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே ஏறத்தாழ 180 தேவேந்திரர் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறின. ஊர் ரஹ்மத் நகர் ஆனது. வளைகுடாப் பணம் என்றார்கள், வெளிநாட்டுச் சதி என்றார்கள். தலைவர்கள் படையெடுத்து வந்து விசாரித்தார்கள். மாறியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது மரியாதை என்ற ஒன்றைத்தான். எங்கப்பா அதை அவர் வழியில் சொல்வார்: 'நேத்து வரைக்கும் ஏலேன்னவன் இன்னிக்கு பாய்ங்கான்லே.' பின்னால் சிலர் திரும்பவும் வந்தார்கள். மதம் மாறியதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் மனப்பான்மையை மாற்றிக்கொள்ளப் பயிற்சிக்குப் போகவில்லை, மற்றவன் தங்களைக் கூப்பிடுகிற விதத்தை மாற்றப் பார்த்தார்கள்.

உயர்வு மனப்பான்மைக்கு வருவோம். 2022 செப்டம்பரில் இதே தென்காசி மாவட்டத்துப் பாஞ்சாகுளத்தில் மிட்டாய் வாங்கப் போன பள்ளிப் பிள்ளைகளிடம், உங்களுக்குக் கொடுக்கக் கூடாது, ஊர்க் கட்டுப்பாடு, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்றார் கடைக்காரர். வீடியோ ஊரெல்லாம் பரவியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியது கூடப் படித்த ஆதிக்க சாதிப் பையன்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் கையில் கட்டுகிற கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. பள்ளிக்கூடத்துக்குக் கயிறு கட்டிப் போகிறவனுக்கு என்ன மனப்பான்மை? அதற்கு எந்தப் பயிற்சி முகாம்?

நாங்கள் நடத்துகிற மாலை வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இதைத்தான் கேட்டாள். 'அண்ணே, அந்தக் கடைக்காரருக்கு யாரு கவுன்சிலிங் குடுத்தா?' வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஊரைவிட்டு விலக்கி வைக்கிற பிரிவு இருக்கிறது, அதன்படி பாஞ்சாகுளம் வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் வரக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது என்றேன். 'ஆறு மாசம் கழிச்சு?' என்றாள். வகுப்பு அன்றைக்குப் பாடத்துக்குத் திரும்பவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு மனநல மருத்துவம் வேண்டாம் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தூக்கம் வராத பிள்ளை, சாப்பிடாத பிள்ளை, சாகலாமா என்று யோசிக்கிற பிள்ளை மருத்துவரிடம் போகத்தான் வேண்டும், கூட நாமும் போக வேண்டும். 2016இல் ஐதராபாத்தில் ரோஹித் வெமுலாவையும் 2019இல் மும்பையில் மருத்துவர் பாயல் தாட்வியையும் இழந்திருக்கிறோம். இப்படிச் சாவு விழும் போதெல்லாம் 'மன அழுத்தம்' என்று ஒரு வார்த்தையை எழுதி நிர்வாகங்கள் கோப்பை மூடப் பார்க்கின்றன. அழுத்தம் என்றால் அழுத்துகிற கை ஒன்று இருக்கும் அல்லவா? அந்த இரண்டு பேரின் தாய்மார்களும் அந்தக் கேள்வியோடுதான் 2019இல் உச்ச நீதிமன்றம் போனார்கள்.

ஆலோசனை அறைகளில் கொடுக்கிற படிவத்தில் குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்கிறார்கள். உன்னை யார், எங்கே, என்ன சொன்னார்கள் என்று கேட்க அதில் இடமில்லை. மாலை வகுப்பில் அதற்காக ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். யார் சொன்னது, எந்த இடம், என்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தது, அவ்வளவுதான். முதல் நோட்டு நிறைந்து இப்போது இரண்டாவது ஓடுகிறது. எழுதுகிறவர் பேர் போட வேண்டாம் என்று சொல்லியும் சில பிள்ளைகள் போட்டே எழுதியிருக்கிறார்கள்.