துருவின் மேல் வண்ணம்

பழையது என்றதும் கைகூப்புவோர் ஒரு சாரார். பழையது என்றதும் குப்பையிலே வீசுவோர் மற்றொரு சாரார். முன்னவருக்கு அச்சம், பின்னவருக்கு அவசரம். இருவரும் செய்யாத வேலை ஒன்று உண்டு: திறந்து பார்ப்பது! உள்ளே என்ன இருக்கிறது, எது கெட்டது, எது கெடாதது, எதைக் கழிக்கலாம், எதைக் காக்கலாம் என்று திறந்து பார்ப்பவன் கும்பிடவும் மாட்டான், குப்பையிலே போடவும் மாட்டான். பழுது பார்ப்பான்.

நாம் இங்கே பேச வந்தது மீன்பிடிக்கும் தூண்டில் ரீலைப் பற்றி. கடலில்லாப் பெரம்பலூர் மாவட்டத்தில், குன்னத்திலே உட்கார்ந்துகொண்டு, தூண்டில் ரீலுக்கு வண்ணம் பூசும் கதையா என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேள்வி கேட்கும் இளைஞர்களைத்தானே நாம் விரும்புகிறோம்.

கடல் இல்லாத ஊர்தான். ஆனால் என்றுமே இல்லாத ஊரா? சாத்தனூரிலே 18 மீட்டர் நீளத்தில் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்குச் சொன்னது அது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்திலே கடல் அலையடித்தது என்பதற்கு அது சான்று. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் குன்னத்திலேயே மண் தோண்டியபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று ஊரே பரபரத்தது! வந்து பார்த்த அறிஞர்கள், முட்டையுமல்ல மாயமுமல்ல, பழங்கடலின் படிவுக் கற்கள் என்றனர். அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிரினத்தைச் சுட்டிக் காட்டினர். வதந்திக்குக் கால் வேண்டாம். உண்மைக்குக் கண் வேண்டும்!

கடல் போனது, ஏரி இருக்கிறது. மழை பெய்து ஏரி நிறைந்தால் கெண்டை உண்டு, கெளுத்தி உண்டு, விரால் உண்டு, ஜிலேபி உண்டு. மூங்கிற் கழியும் நூலும் முள்ளுமாய் இருந்த ஏரிக்கரைக்கு ரீல் வந்து சேர்ந்தது, பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்த் திரும்பியவர்களின் பெட்டியிலே. கழியின் அடியிலே பொருத்தும் சின்னஞ்சிறு பொறி அது. கைப்பிடியை ஒருமுறை சுற்றினால், உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் அதனை ஐந்து சுற்றாகப் பெருக்கி நூலைச் சுருட்டும். பெரிய மீன் வெறிகொண்டு இழுத்தால் நூல் அறுந்துவிடாதபடி, உராய்வுத் தட்டுகள் சற்றே வழுக்கி இடங்கொடுக்கும்.

அத்தகைய ரீல்கள் மூன்றினைப் பழைய இரும்புக் கடையிலே, எடைக்கு எடை போட்டு 150 ரூபாய்க்கு வாங்கி வந்தோம். நம் அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு முடித்தவள். திருப்புளி எங்கே என்று முதலிலே கேட்டவள் அவள்தான். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குடி இந்த இரும்பு வேலை?" என்று திண்ணையிலிருந்து அதட்டியவர் அவளுடைய அப்பாயி. நம் அன்னையார்தான், அன்பிலே குறையில்லாதவர், ஆனால் எந்தக் கை எந்த வேலையைத் தொடலாம் என்பதிலே மட்டும் ஆயிரம் ஆண்டுச் சட்டம் வைத்திருப்பவர்.

தாம்பாளத்திலே வெள்ளைத் துணி விரித்தோம். கழற்றிய ஒவ்வொரு உறுப்பையும் கழற்றிய வரிசையிலேயே வைத்தாள். கைப்பேசியிலே படமும் எடுத்துக்கொண்டாள். நகராத திருகாணிகளின் தலையிலே எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்தோம். முரட்டுத்தனத்தால் தலை தேயும். பொறுமையால் திருகு நகரும்.

திறந்தால், மூன்று நிறத்திலே மூன்று நோய்! இரும்பிலே செந்துரு. பித்தளையிலே பச்சைக் களிம்பு. அலுமினிய உடலிலே வெண்பொடி. காரணம் என்ன? கண்ணேறா? காலக்கேடா? கடல் உப்பு! அலுமினிய உடலிலே இரும்புத் திருகாணியைப் பொருத்தி உப்புநீரிலே நனைத்தால், அது தானே ஒரு சிறு மின்கலம் ஆகிவிடுகிறது. இரும்பைக் காட்டிலும் அலுமினியம் விரைந்து கரைகிறது. மீன்பிடித்து வந்த அன்றே நல்ல தண்ணீரிலே அலசித் துடைத்து வைத்திருந்தால் நோய் இவ்வளவு முற்றியிராது. சாபமுமில்லை, விமோசனமுமில்லை, மின்வேதியியல் இருக்கிறது, ஒரு குவளை நல்ல தண்ணீர் இருக்கிறது!

கெட்டிப்பட்ட பழைய கிரீஸை மண்ணெண்ணெய் கரைத்தது. அடுப்புக்குத் தொலைவிலே, காற்றோட்டத்திலே வைத்துச் செய்தோம். பல் துலக்கிக் கழித்த தூரிகை, பற்சக்கரத்தின் பல்லைத் துலக்கியது. பித்தளையின் களிம்புக்குப் புளி. நம் வீட்டுப் பெண்கள் குடம் துலக்கிக் கண்ட அறிவு இது. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும்; உடனே கழுவி உலர்த்தாவிட்டால் பித்தளையையும் தின்னத் தொடங்கும். அப்பாயியிடம் கேட்டுத்தான் செய்தாள் பெண். வேதியியல் என்ற பெயர் அறியாமலே அறுபது ஆண்டு வேதியியல் செய்தவர் அல்லவா அவர்!

இனி வண்ணம். ஒரு ரீலின் மேலே யாரோ ஒருவர் முன்னமேயே கறுப்பு வண்ணம் பூசியிருந்தார். பார்வைக்குப் பளபளப்பு, நகத்தால் அழுத்தினால் புடைப்பு, புடைப்பைக் கீறினால் உள்ளே துரு! சுரண்டாமல் பூசியிருக்கிறார். துருவுக்கு மேலே பூசிய வண்ணம் துருவைத் தடுப்பதில்லை, மறைக்கிறது. ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறது. வெளியே திருவிழா, உள்ளே அரிப்பு!

தோழர்களே, இந்தப் பூச்சு வேலையை நாட்டிலே எங்கும் பார்க்கிறோம். மேடையிலே சமத்துவம், வீட்டிலே தனிக்குவளை. அழைப்பிதழிலே சீர்திருத்தத் திருமணம், அடுக்களையிலே சாதகக் கட்டு. பெயருக்குப் பின்னே இருந்த சாதிப் பட்டத்தை உதிர்த்துவிட்டு, பெண் கேட்கும்போது மெல்லிய குரலிலே அதனையே விசாரிப்பது. சுரண்டாமல் பூசிய சீர்திருத்தம் இதுதான். முதல் மழைக்கே புடைத்துக்கொள்ளும்.

ஆகவே சுரண்டினோம். பழைய வண்ணத்திலே ஈயம் இருக்கக்கூடும். நம் நாட்டிலே வீட்டு வண்ணங்களில் பத்து இலட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சைத் தூசு பறக்கத் தேய்ப்பது குழந்தைகளின் மூளைக்குக் கேடு. அந்த வேலையைப் பெண்ணிடம் விடாமல், வெளியிலே உட்கார்ந்து, முகமூடி அணிந்து, தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாளால் நாமே தேய்த்தோம். கழிவைக் காகிதத்திலே வழித்துக் கட்டினோம். முதலிலே முரட்டுத் தாள், பின்னர் 400 எண், அதன் பின்னர் 800.

அடிப்பூச்சிலும் அறிவு வேண்டும். இரும்புக் கதவுக்குப் பூசும் ரெட் ஆக்சைடை அலுமினியத்துக்குப் பூசினால் பிடிப்பதில்லை, உரிந்து வரும். உலோகத்தைச் சற்றே அரித்துப் பற்றிக்கொள்ளும் பிரைமர் அலுமினியத்துக்கென்றே இருக்கிறது. பற்சக்கர இருக்கை, திருகின் மரை, நூல் உரசிச் செல்லும் விளிம்பு ஆகியவற்றை ஒட்டுத்தாளால் மூடிவிட வேண்டும். எங்கே பூச வேண்டும் என்பதைக் காட்டிலும் எங்கே பூசக்கூடாது என்பதே பெரிய பாடம். ஒரே தடவையிலே கனமாகப் பூசினால் வழியும். மெல்லிதாக மும்முறை தெளித்தால் நிற்கும். மார்கழிப் பனியிலே தெளித்தால் வண்ணம் மங்கும். காற்றடங்கிய வறண்ட காலையிலே தெளித்தால் மின்னும். நேரம் பார்த்தோம், ஆம்! ஆனால் பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. காற்றின் ஈரத்தைப் பார்த்தோம்.

வண்ணம் உலர்ந்துகொண்டிருந்த வாரத்திலே ஆயுத பூசை வந்தது. "சந்தனம் குங்குமம் வைக்காம ஆயுதத்தைத் தொடக்கூடாது" என்றார் அப்பாயி. பெண் சினம் கொள்ளவில்லை, கேலியும் செய்யவில்லை. ரீலைக் கையிலெடுத்து, "அப்பாயி, இந்த ஈரப் பசை திருகு இடுக்கிலே போய் உட்கார்ந்தா ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். மஞ்சளிலே சுண்ணாம்பு சேர்த்த குங்குமம்னா அலுமினியத்துக்கு அதுவும் ஆகாது. இதுக்கு நீங்க செய்யற மரியாதை ரெண்டு சொட்டு எண்ணெய்தான்" என்றாள். அப்பாயி பேசவில்லை. பேசாதிருந்ததே பெரிது! தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார். "அது குளிரிலே உறைஞ்சுபோகும்; தையல் மிசின் எண்ணெய் குடுங்க" என்றாள் பேத்தி. பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய், பற்சக்கரத்துக்குக் கிரீஸ்: இதுவே பொறியின் பூசை முறை!

இந்தப் பொறியின் பிறப்பையும் சற்று எண்ணிப் பாருங்கள். 1195-ஆம் ஆண்டளவிலே சீன ஓவியர் மா யுவான் தீட்டிய படத்திலேயே ரீல் பொருத்திய தூண்டிற் கழி இருக்கிறது. ஆனால் உருளையே சுழலாமல், நூல் அதன் நுனிவழியே உருவி ஓடும் ரீலுக்கு உரிமம் பெற்றவர் ஆல்பிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் என்ற ஆங்கிலேயர், ஆண்டு 1905. அவர் நெசவாலைத் தொழிலைச் சேர்ந்தவர். ஆலையிலே கண்டெடுகளிலிருந்து நூல் நுனிவழியே உருவி வருவதைக் கண்டிருந்தார். கண்டதைத் தூண்டிலுக்குக் கொண்டுவந்தார்.

நுனிவழியே நூல் உருவி வருவது நம்மவர் காணாத காட்சியா? நாடாவுக்குள்ளே தார் அப்படித்தானே நூலை விடுகிறது! தார் சுற்றிய கைகள் தமிழகத்தில் எத்தனை ஆயிரம்! அந்தக் கைகளுக்கு என்ன குறை? கைகளிலே குறையில்லை, தோழர்களே. கையைத் தொழிலோடு கட்டிப்போட்டு, ஏட்டை அதனிடமிருந்து பறித்துக்கொண்டார்கள். ஏடு படித்தவன் உளியைத் தொட்டால் இழிவு. உளி பிடித்தவன் ஏட்டைத் தொட்டால் குற்றம். கையும் ஏடும் சந்திக்கக்கூடாதென்ற ஏற்பாட்டுக்குத்தான் சாதி என்று பெயர்!

இரண்டும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை நம் வீட்டு வாசலிலேயே பார்த்தோம். ஏரியிலே ஐம்பது ஆண்டுகள் மீன்பிடித்த பெரியவர் ஒருவர், செய்தி கேட்டு வந்தார். தெருவிலேயே நின்றார். "உள்ளே வாருங்கள்" என்றோம். "இருக்கட்டுங்க, இங்கேயே நிக்கிறேன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குள்ளே எத்தனை தலைமுறைத் துரு! பெண் ஒரு நாற்காலியைக் கூடத்திலே போட்டு, "வாங்க தாத்தா, உட்காருங்க" என்று கையைப் பிடித்து அழைத்துவந்தாள். அப்பாயியின் முகம் சுருங்கியதையும் கண்டோம். அவர் எழுந்து போகாததையும் கண்டோம்.

பெரியவர் ரீலைக் காதருகே வைத்துச் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். "சுத்துக்கு ஒருக்கா இடறுது, பாப்பா" என்றார். நமக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஐம்பது ஆண்டு நூலின் அதிர்வை உணர்ந்த விரலுக்குத் தெரிந்தது. பெண் ஒரு நொடி யோசித்தாள். "அப்படின்னா பழுது பெரிய சக்கரத்திலேதான். சின்னது ஒரு சுத்துக்கு அஞ்சு தடவை சுத்துது. அதிலே இருந்தா அஞ்சு தடவை இடறணுமே!" என்றாள். திறந்தோம். பெரிய சக்கரத்தின் இரு பற்களுக்கிடையே, கிரீஸிலே புதைந்து, ஒரு மணல்!

விரல் சொன்னது, கணக்கு காட்டியது. எழுத்தறியாப் பெரியவரும் பள்ளிச் சிறுமியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்த ரீலை அவரிடமே கொடுத்தோம். "காசு?" என்றார். "முடிச்சுப் போடக் கத்துக்குடுங்க, அதுதான் காசு" என்றாள் பெண். முள்ளிலே நூல் நழுவாத முடிச்சு இரண்டினை அன்றே கற்றுக்கொண்டாள்.

இப்போது ஊரிலே எவர் வீட்டிலே ரீல் பழுதானாலும் அவளிடம் வருகிறது. அவளுக்குப் பாலிடெக்னிக்கிலே இயந்திரவியல் படிக்க ஆசை. "பெண்ணுக்கு எதற்கு இயந்திரம்? கட்டிக்கொடுக்கும் வரை வீட்டிலிருக்கட்டும்" என்பது அண்ணனாரின் எண்ணம். விண்ணப்பத்தை அவளே நிரப்பி வைத்திருக்கிறாள். தந்தையின் கையெழுத்துக்குரிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அதட்டினால் திருகாணியின் தலை தேயும் என்பதறிந்து, நாள்தோறும் ஒரு சொட்டு எண்ணெயாய் வாதம் விட்டு வருகிறோம். முந்தாநாள் அப்பாயியே, "படிச்சுட்டுப் போகட்டுமேடா" என்றார். திருகு அசைந்திருக்கிறது!

இளைஞர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய பொறி கிடக்கும். ரீலாக இருக்கலாம், தையல் இயந்திரமாக இருக்கலாம், மிதிவண்டியாக இருக்கலாம். இறக்குங்கள், திறந்து பாருங்கள். துருவைக் கண்டால் வெட்கப்படாதீர்கள்; ஆனால் அதன் மேலே வண்ணம் பூசி ஊரை ஏமாற்றாதீர்கள். சுரண்டுங்கள், கழுவுங்கள், உலர்த்துங்கள், அதன் பிறகு பூசுங்கள். வேலை செய்யும்போது, இதுவரை திருப்புளி மறுக்கப்பட்ட ஒரு கையையும், இதுவரை நாற்காலி மறுக்கப்பட்ட ஒருவரையும் பக்கத்திலே அமர்த்திக்கொள்ளுங்கள். அப்போது சுழலத் தொடங்குவது பொறி மட்டுமாக இராது!