ஈரத்தில் இறுகும் கருப்பு

ஜப்பானின் கனசாவாவில் மழைக்காலம். துவைத்துப் போட்ட சட்டை காயாமல் நாறுகிறதே என்று நான் சலித்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான் பார்க்கப் போன பூச்சுக் கைவினைஞருக்கு அதைவிட நல்ல பருவம் இல்லை. பூச்சாகும் உருஷி மரத்தின் பாலைக் கெட்டிப்படுத்தும் நொதிக்கு ஈரக்காற்று வேண்டும். 70–80 சதவீத ஈரப்பதம் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் பூசிய பாத்திரங்களை வெயிலில் வைக்காமல், உள்ளே ஈரப்படுத்திய மர அலமாரியில் அடைத்து வைக்கிறார்கள்.

அவர் நோட்டோ தீபகற்பத்திலுள்ள வாஜிமா ஊர்க்காரர். 2024 ஜனவரி 1 அன்று அந்தத் தீபகற்பத்தை 7.6 அளவில் உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு இங்கே வந்துவிட்டார். அன்று வாஜிமாவின் காலைச்சந்தைத் தெரு தீயில் போனதைப் பற்றி அதிகம் பேசவில்லை. கையில் ஒரு நாட்சுமேயைக் கொடுத்தார்.

உள்ளங்கையில் அடங்கும் தேயிலைத்தூள் செப்பு அது. வடிவமும் பெயரும் இலந்தைப்பழத்துடையவை. தேநீர்ச் சடங்கில் இளந்தேநீருக்கான தூளை இதில்தான் வைப்பார்கள்; கெட்டித் தேநீருக்குப் பீங்கான் குப்பி. மூடி சத்தமில்லாமல் உட்கார்ந்தது. மேலே ஏறப்போகும் பூச்சின் கனத்தை முன்கூட்டியே கணக்கிட்டு மரத்தைக் கடைந்தால்தான் அது நடக்கும். வாஜிமா முறையில் 100-க்கும் மேற்பட்ட படிகள். உடையக்கூடிய விளிம்புகளில் துணி ஒட்டி, சுட்டுப் பொடித்த உள்ளூர் மண்ணை உருஷிப் பாலில் குழைத்துப் பூசி, தேய்த்து, மறுபடி பூசுகிறார்கள். இதில் எதுவும் வெளியே தெரியாது.

தூரிகை மனிதக் கூந்தல். பென்சிலுக்குள் கரி ஓடுவதுபோல மரத்தகடுகளுக்கு நடுவே முடி நீளமாக ஓடுகிறது. நுனி தேய்ந்தால் மரத்தைச் சீவிப் புதுமுடியை வெளியே எடுக்கிறார்.

உருஷிப் பால் பட்டால் தோல் தடித்துப் போகும். மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் இதே குடும்பம்தான். வளர 10–15 ஆண்டுகள் பிடிக்கும் மரம் ஒரே பருவத்தில் சுமார் 200 மில்லி தந்துவிட்டு வெட்டுப்படும். ஜப்பான் பயன்படுத்தும் பாலில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது.

தங்க வேலை வேறொருவர் கை. பக்கத்து அறையில் ஒரு பெண்மணி நாட்சுமேயின் கருப்புப் பரப்பில் செம்பூச்சால் புல் வரைந்தார். முனையில் பட்டு கட்டிய குழலில் தங்கத்தூளைப் போட்டு, ஆள்காட்டி விரலால் தட்டினார். ஈரம் இருந்த இடத்தில் மட்டும் தங்கம் ஒட்டியது. அதன் மேலும் பூச்சு, இறுகவிடல், தேய்ப்பு. கடைசி மெருகு மான்கொம்புப் பொடியும் விரல் நுனியும். ஒரு புல்லிதழ் மூடியிலிருந்து உடலுக்கு இறங்குகிறது. மூடியைச் சற்றே திருப்பி வைத்தாலும் புல் முறிந்துவிடும்.

மாகி-எ என்னும் இந்த வேலைக்கு உலகமே மயங்குகிறது. எனக்கென்னவோ, கடை விளக்கில் வரிசையாகப் பார்த்தால் திகட்டுகிறது. அந்தத் தங்கம் தேநீர் அறையின் மங்கலுக்காகவே இட்டது. 16-ஆம் நூற்றாண்டுத் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ விரும்பியது வெறும் கருப்பை. நானும் அந்தக் கட்சிதான்.

அலங்காரமே இல்லாத, கண்ணாடிபோல் மெருகேற்றிய ஒன்றின் விலையைக் கேட்டேன். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். தங்கம் இருந்தால் ஒரு தூசியைப் புல்லுக்கு அடியில் ஒளித்துவிடலாம், இதில் முடியாது, திரும்பவும் முதலிலிருந்து தேய்க்க வேண்டியதுதான் என்றார் வாஜிமாக்காரர்.