கேட்ட அளவில் கொடுத்தல்

கேட்டதைக் கொடுப்பது, கேட்ட அளவில் கொடுப்பது, காலம் தாழ்த்தாது கொடுப்பது ஆகிய மூன்றும் ஈகைக்கு அழகு சேர்ப்பன. இவை கணினிக்கும் பொருந்தும் என்பதை நாம் நூல்களில் கற்றோமில்லை. பெரியவர் ஒருவரின் மனவருத்தத்திலிருந்தே கற்றுக்கொண்டோம்.

2019-ஆம் ஆண்டில் நம் தமிழ்த்துறை நூலகத்தின் பட்டியலை இணையத்தில் ஏற்றும் பணியை மேற்கொண்டோம். நூல்கள் ஏறத்தாழ 6,000. பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு, அன்பளித்தவர், உள்ளடக்கக் குறிப்பு என நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு. கணினித்துறை மாணவர் இருவர் துணைநின்றனர். தரவுகளைக் காத்து வழங்கும் சர்வர் கல்லூரியிலேயே அடுத்த அறையில் இருந்தது. ஆய்வகத்தில் திறந்து பார்த்தபோது சில நொடிகளில் நூற்பெயர்கள் திரையை நிறைத்தன. பணி முடிந்தது என மகிழ்ந்து ஊரறிய அறிவித்தோம்.

தம் தந்தையார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை நம் துறைக்கு வழங்கிய பெரியவர் ஒருவர் கடலோரச் சிற்றூரில் வாழ்ந்துவந்தார். அறிவிப்பைக் கண்டு, பேரனின் கைப்பேசியில் பட்டியலைத் திறந்திருக்கிறார். அன்று மாலையே நம்மை அழைத்தார். "தம்பி, சக்கரம் சுற்றுகிறதே ஒழிய நூல் ஒன்றும் வரக் காணோம். வாப்பாவின் நூல்களைப் பட்டியலில் சேர்க்கவில்லையோ?" என்றார். குரலில் சினமில்லை, அதுவே நம்மை அதிகம் சுட்டது. நூல்களெல்லாம் பத்திரமாக இருந்தன. ஆயினும் கண்ணுக்கு எட்டாத நூல், கொடுத்தவருக்கு இல்லாத நூலே அன்றோ?

மறுநாள் பேருந்து நிலையத்தில் நின்று நம் கைப்பேசியில் அதே பக்கத்தைத் திறந்தோம். சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த அறையிலிருந்து கொண்டு செய்த சோதனை நம்மை ஏமாற்றிவிட்டது என அப்போதுதான் தெளிந்தோம்.

பிழை எங்கே? முற்காலத்தில் இணையப் பக்கத்தில் சிறு மாற்றம் வேண்டினும் முழுப் பக்கத்தையும் மீண்டும் தருவிக்க வேண்டியிருந்தது. 1999-இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, பக்கத்தை அசைக்காமல் தரவை மட்டும் பின்னணியில் பெறும் வசதியைத் தந்தது. 2005-இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பார் இம்முறைக்கு 'அஜாக்ஸ்' எனப் பெயரிட்டார். இவ்வசதியை நாமும் கையாண்டோம். ஆனால் அளவறியாது கையாண்டோம். பக்கம் திறந்தவுடன் 6,000 பதிவுகளும் ஒருங்கே வருமாறு எழுதியிருந்தோம். பதிவொன்று 2,000 பைட் எனக் கொண்டாலும் மொத்தம் 1 கோடியே 20 இலட்சம் பைட்! பந்தியில் அமர்ந்தவர் முன் சமையற்கட்டையே பெயர்த்து வைத்தது போலாயிற்று.

தமிழுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும்; தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். 'தமிழ்' என்னும் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகளால் ஆவதால் 15 பைட் கொள்ளும். ஆகவே தமிழ்த் தரவைச் சுருக்கி அனுப்புதல் இன்றியமையாதது. சர்வரில் 'ஜிசிப்' எனும் சுருக்கும் வசதி இருந்தும் நாம் அதை முடுக்காமல் விட்டிருந்தோம்.

திருத்தும் பணியைத் தொடங்கினோம். முதலில், ஒருமுறைக்கு 20 நூல்கள் மட்டும், அவற்றின் பெயரும் ஆசிரியரும் மட்டும் வருமாறு செய்தோம். விரிவான குறிப்பு, நூற்பெயரைத் தொட்டால் மட்டுமே வரும். அடுத்த 20-ஐக் கேட்கும்போது "முதல் 20-ஐத் தள்ளி அடுத்ததைக் கொடு" எனக் கேட்டோம். இடையில் புதிய நூல் முன்னே சேர்ந்தால், கண்ட நூலே மீண்டும் வந்தது. பின்னர் "இப்பதிவெண்ணுக்கு அடுத்துள்ள 20" எனக் கேட்கவே அக்குறை நீங்கியது.

அடுத்து, சர்வரின் உள்ளே நிகழ்ந்த வீண் நடையைக் கண்டோம். ஆசிரியர் பெயர்கள் தனி அட்டவணையில் இருந்தன. 20 நூல்களை எடுக்க ஒரு கேள்வி, பின்னர் நூலுக்கு ஒன்றாக ஆசிரியரைத் தேட 20 கேள்விகள், ஆக 21 கேள்விகள் தரவுத்தளத்திற்குச் சென்றன. நூலக உதவியாளரை ஒரே அடுக்குக்கு 21 முறை அனுப்புவோமா? இரு அட்டவணைகளையும் இணைத்து ஒரே கேள்வியாக்கினோம். அன்பளித்தவர் பெயரால் தேடுவதற்குச் சுட்டுவரிசை ஒன்றும் அமைத்தோம். நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவு போன்றது அது. ஏடு ஏடாகப் புரட்டும் வேலையை ஒழிக்கிறது.

மூன்றாவதாக, ஒருமுறை பெற்றதை உலாவியே சேமித்து வைக்கும்படி செய்தோம். மறுமுறை அது, தன்னிடமுள்ள படியின் அடையாளக் குறியைக் காட்டி "மாறியதா?" என வினவும். மாறவில்லையெனில் சர்வர் 304 என்னும் எண்ணை மட்டும் விடையாகத் தரும். தரவு மீண்டும் பயணம் செய்வதில்லை.

இத்தனைக்கும் பின் பேருந்து நிலையத்தில் நின்று திறந்தோம். சுருக்குவதற்கு முன்பே ஏறத்தாழ 8,000 பைட்டாகக் குறைந்துவிட்ட அப்பட்டியல் உடனே வந்தது. பெரியவரை நாமே அழைத்தோம். அவர் தம் தந்தையார் பெயரைத் தேடினார். நூல்கள் வரிசையாக வந்து நின்றன. சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், "முதற்பக்கத்தில் வாப்பாவின் கையெழுத்து இருக்கும். அதையும் பார்க்க இயலுமா, தம்பி?" என்றார்.

அக்கையெழுத்துப் பக்கங்களை ஒளிப்படமாக்கிச் சேர்த்தோம். படங்கள் அனைத்தும் ஒருங்கே வருவதில்லை. எந்நூலைத் தொடுகிறோமோ அந்நூலின் ஒரு படம் மட்டுமே வரும். அவர் கேட்டதும் அந்த ஒன்றைத்தானே!

அன்பு மாணாக்கரே, நாளை நீவிர் இத்தகைய பணிகள் பல செய்வீர். விரைவான கணினியின் முன் அமர்ந்து நிறைவு கொள்ளாதீர். எங்கோ ஒரு சிற்றூரில், பழைய கைப்பேசியைக் கையில் ஏந்திக் காத்திருக்கும் ஒருவரை எண்ணிப் பாரும். அவருடைய நேரமும், அவர் காசு கொடுத்துப் பெற்ற இணைய அளவும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள்கள். அவற்றை வீணாக்காமல், வேண்டியதை வேண்டிய அளவில் வழங்குவதே நம் கடன்.