உம்மாவின் கைப்பேசியும் ஒலிக்காத சஹர் மணியும்



2018-ஆம் ஆண்டின் ரமளான் கோடை வெயிலோடு வந்தது. அம்மாதத்தின் நடுவில் ஒரு நாள் எங்கள் வீட்டில் எவருமே சஹருக்கு எழவில்லை. கண் விழித்தபோது சன்னல் வழியே வெளிச்சம் பரவியிருந்தது. உம்மாவின் தலையணைக்கு அருகில் கைப்பேசி, மின்னேற்றம் நிறைந்து, ஒரு பாவமும் அறியாததுபோல் கிடந்தது.

சகோதரர்களாகிய நாங்கள் இருவரும் சிறு வயதில் ஊரில் இருந்தபோது இந்தக் கவலை இருந்ததில்லை. பக்கீர் பாவாக்கள் தாயிரா கொட்டிப் பாடிக்கொண்டு தெருத் தெருவாக வந்து எழுப்பிவிடுவர்; அதற்கும் எழாதவரை அடுத்த வீட்டு மாமி சுவரைத் தட்டி எழுப்பிவிடுவார். சென்னையின் அடுக்கு மாடிக் குடியிருப்பில் ஐந்தாம் தளத்தில் வாழ்வோருக்குப் பாங்கொலி எட்டுவதே அரிது. ஆகவே எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. தொழுகை நேரம் காட்டும் செயலி சுபுஹுக்கு ஒரு மணி நேரம் முன்பாக உம்மாவின் கைப்பேசியில் ஒலிக்கும்; உம்மா எழுவார்; உம்மா எங்களை எழுப்புவார். எங்கள் கைப்பேசிகளில் தனியாக மணி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

உம்மாவுக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை நோய். நோயாளிக்கு மார்க்கம் அளித்திருக்கும் சலுகையை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் அவர் கேட்பதில்லை. எனவே மருத்துவர் மாத்திரைகளின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுத்து, ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தார்: சஹர் உணவை ஒருபோதும் தவறவிடக் கூடாது. அன்று அது தவறியது. "நேற்றே நிய்யத் வச்சாச்சு வாப்பா, ஒரு நாள்தானே" என்று உம்மா நோன்பைத் தொடர்ந்தார். அசர் தொழுதுவிட்டு எழுந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, சொல் குழறியது. கருவியில் சோதித்தபோது 54 என்று காட்டியது. 70-க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து என்பதை எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். சர்க்கரை கரைத்த தண்ணீரைப் புகட்டினோம். கால் மணி நேரத்தில் பேச்சுத் தெளிந்தது, அல்ஹம்துலில்லாஹ். நோன்பு முறிந்ததற்காக உம்மா அழுதார். எங்களால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏனெனில் அந்தக் கைப்பேசியை அவ்வாறு ஆக்கி வைத்தவர்கள் நாங்களே.

அது சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் விட்டுச் சென்ற பழைய கைப்பேசி. 2 ஜிபி ரேம் கொண்டது. தயாரித்த நிறுவனம் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டது. அழிக்கவே முடியாதபடி உள்ளே வைக்கப்பட்ட செயலிகளின் கூட்டத்தால் தொடுதிரை தடுமாறிக்கொண்டிருந்தது. இளையவர் பூட்லோடரைத் திறந்தார். மூத்தவர் ரெகவரியை மாற்றினார். இருவருமாக லீனேஜ் ஓஎஸ் 14.1-ஐ நிறுவினோம். 2016 டிசம்பரில் சயனோஜென்மாட் நின்றுபோனபின் அதன் வழித்தோன்றலாகத் தன்னார்வலர்கள் வளர்த்தெடுத்த இயங்குதளம் அது. கூகுளின் செயலிகளில் மிகக் குறைந்தவற்றை மட்டும் கொண்ட தொகுப்பைச் சேர்த்தோம். நான்காண்டுப் பழைய கருவி புதிதுபோல் எழுந்து நின்றது. உண்மையைச் சொல்வதானால், அந்த நாளில் நாங்கள் கையை எடுத்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இருந்திராது.

ஆனால் மாற்றியமைத்த கைப்பேசி வைத்திருப்பவருக்கு ஓர் அரிப்பு உண்டு. கதவு திறந்துவிட்டதல்லவா, இன்னும் எதையேனும் உள்ளே கொண்டுபோக வேண்டும்! முதலில் மேஜிஸ்க் வழியாக ரூட் அனுமதி பெற்றோம். அதைக் கண்டு வங்கிச் செயலி இயங்க மறுத்தது. ஆகவே ரூட்டை மறைக்கும் ஏற்பாடு ஒன்று. பிறகு ரேமைத் துப்புரவு செய்யும் செயலி. அது திரையின் ஓரத்தில் ஒரு குமிழாக மிதந்துகொண்டு, எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். அப்புறம் பின்னணியில் இயங்கும் செயலிகளை உறக்கத்தில் ஆழ்த்தும் கருவி. செயலியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. நினைவக அட்டையின் ஒரு பகுதியைக் கூடுதல் ரேமாக ஆக்கித் தருவதாகச் சொன்ன கருவி. மின்கலத்தைக் காப்பதாகச் சொன்ன மற்றொன்று. இணைய வேகத்தை மேலே ஓயாமல் எழுதிக் காட்டும் ஒன்று. ஒவ்வொன்றையும் நிறுவிய அன்று கைப்பேசி விரைவானதாகவே எங்களுக்குத் தோன்றியது. உம்மா மட்டும், "முன்னைக்கு இப்ப இது மெதுவா இருக்கே" என்று இரண்டு முறை சொன்னார். கேட்கவில்லை.

ரேம் துப்புரவாளரிடமிருந்து தொடங்குவோம். நம் சமூகத்துக் குடும்பங்களில் ரூட் செய்யாத கைப்பேசிகளிலும் மிகுதியாகக் காணப்படுவது அதுவே. நாம் ஒரு செயலியை விட்டு வெளியே வந்தபின்னும் ஆண்ட்ராய்டு அதை நினைவகத்தில் வைத்திருக்கும். மறதியினால் அன்று, மீண்டும் திறக்கும்போது முதலிலிருந்து ஏற்ற வேண்டியதில்லை என்பதற்காக. இடம் தேவைப்படும்போது முக்கியம் குறைந்தவற்றை வரிசைப்படி தானே நீக்கிக்கொள்ளும் ஏற்பாடு அதன் அடித்தளத்திலேயே இருக்கிறது. துப்புரவாளர் இந்த வரிசையைப் பாராமல் எல்லாவற்றையும் வெளியேற்றுகிறார். வாட்ஸ்அப் போன்றவை பின்னணிப் பணி உடையவை ஆதலால், வெளியேற்றிய சிறிது நேரத்தில் திரும்பி வந்துவிடும். அதற்காகச் சேமிப்பகத்திலிருந்து மறுபடி படிக்க வேண்டும். செயலி உழைக்க வேண்டும். மின்கலம் தேய வேண்டும். நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெண்ணின் கையருகே இருக்கும் சீரகம், நெய், தேங்காய் அனைத்தையும் இடம் அடைக்கிறது என்று ஒவ்வொரு கணமும் பரணில் ஏற்றிவைப்பவரை என்னவென்று சொல்வது? அடுப்படி காலியாகத்தான் இருக்கும். கஞ்சி வெந்து முடியாது. குமிழில் சதவீதம் குறைவதைக் கண்டு நாங்கள் மகிழ்ந்ததும் அவ்வாறே.

நினைவக அட்டையைக் கூடுதல் ரேமாக ஆக்கியதும் மேற்கண்டதற்குச் சளைத்ததன்று. அட்டையின் எழுதும் வேகம் ரேமின் அருகில்கூட வராது. சிறு சிறு துண்டுகளாக எழுதுவதில் அது இன்னும் பின்தங்கும். விசைப்பலகை தோன்றுவதற்கே உம்மா காத்திருக்க வேண்டியதாயிற்று. போதாததற்கு, ஓயாமல் எழுதுவதால் அட்டையின் ஆயுளும் குறையும்.

செயலியின் வேகத்தை மிகக் குறைந்த நிலையில் பூட்டி வைத்தோம், மின்கலம் மிஞ்சும் என்று எண்ணி. அரை நொடியில் முடித்துவிட்டு ஓய்வுக்குச் செல்ல வேண்டிய பணி இழுத்துக்கொண்டே போயிற்று. அதுவரை திரையும் எரிந்துகொண்டிருந்தது. மின் சேமிப்பில் எங்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. இணைய வேகம் காட்டும் சிறு கருவியைப் பற்றி மட்டும் புகார் சொல்ல மனம் வரவில்லை. அதனால் பயனும் இல்லை, பெரிய கேடும் இல்லை.

இவையெல்லாம் தாமதம் மட்டுமே. சஹர் மணியை ஊமையாக்கியது வேறு.

அன்றிரவு தராவீஹ் தொழுதுவிட்டு வந்து கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். முதலில் தொழுகை நேரச் செயலியின் மேலேயே ஐயம் கொண்டோம். அமைப்புகளில் அதன் பக்கத்தைத் திறந்தபோது, வலுக்கட்டாயமாக நிறுத்தும் பொத்தான் மங்கிக் கிடந்தது. அதாவது, அச்செயலி ஏற்கெனவே யாராலோ நிறுத்தப்பட்டுவிட்டது. உறக்கத்தில் ஆழ்த்தும் கருவியின் பட்டியலைத் திறந்தோம். திரை அணைந்தவுடன் உறங்க வைக்க வேண்டியவை என்ற தலைப்பின் கீழ் எங்கள் தொழுகை நேரச் செயலியும் இருந்தது. "அதிக மின்சாரம் பயன்படுத்துகிறது" என்று அக்கருவி எச்சரித்தபோது, படித்தும் படிக்காமலும் சரி என்று அழுத்தியவர்கள் நாங்கள்தாம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 2015-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், கைப்பேசி அசையாமல் கிடக்கும்போது செயலிகளின் பின்னணிப் பணிகளைத் தள்ளிவைக்கும் ஆழ்ந்த ஓய்வு நிலை இருக்கிறது. ஆயினும், குறித்த நேரத்தில் ஒலிக்க வேண்டிய மணிகளுக்கு அந்நிலையிலும் வழி விடப்பட்டிருக்கிறது. வலுக்கட்டாயமாக நிறுத்துவது அவ்வாறன்று. நிறுத்தப்பட்ட செயலி பதிந்து வைத்திருந்த மணிகள் அனைத்தும் அழிந்துபோகும். எவரேனும் அதைக் கையால் மீண்டும் திறக்கும் வரை அது எதையும் செய்யாது. முந்தைய நாட்களில் மணி ஒலித்ததற்குக் காரணம் அந்தக் கருவி இல்லாமை. அதை நாங்கள் நிறுவியதே முந்தின மாலையில்தான். இயங்குதளம் தானே செய்துவந்த வேலையை, அதைவிட மூர்க்கமாகச் செய்யும் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தியிருந்தோம்.

எல்லாவற்றையும் நீக்கிவிடலாம் என்று முனைந்தபோது மற்றொன்று தெரிந்தது. துப்புரவாளர் சாதன நிர்வாகி என்னும் அதிகாரம் பெற்றிருந்தமையால், அதைப் பறிக்கும் வரை வெளியேறவில்லை. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி போன பின்னும், தொடங்கும்போதெல்லாம் இயங்குமாறு அது எழுதி வைத்திருந்த கட்டளை உள்ளே தங்கியிருந்தது. செயலி அதே குறைந்த வேகத்திலேயே ஊர்ந்தது. ரூட் அனுமதி பெற்ற விருந்தாளி வீட்டில் எங்கெங்கே எதை வைத்துவிட்டுப் போனார் என்று தேடி மாளாது. அடுத்த நாள் இரவு முழுவதையும் அழித்துவிட்டு, லீனேஜ் ஓஎஸ்-ஐ மறுபடி நிறுவினோம். இம்முறை ரூட் செய்யவில்லை. வங்கிச் செயலிக்காக எதையும் மறைக்க வேண்டிய தேவையும் அத்தோடு ஒழிந்தது.

பின்னர் ஆர்வத்தினால், எங்களிடம் இருந்த மற்றொரு பழைய கருவியில் அதே கருவிகளை ஒவ்வொன்றாக, இரண்டிரண்டு நாள் வைத்துப் பார்த்தோம். ஒரே நேரத்தில் ஏழையும் சேர்த்தவருக்கு எது கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது. ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ப்பவருக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிடும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் பாதுகாப்பு நிலையில் கைப்பேசியைத் தொடங்கிப் பார்க்கலாம். நாம் நிறுவியவை எதுவும் அதில் இயங்காது. கைப்பேசி அப்போது சீராக ஓடினால், குற்றவாளி நாம் சேர்த்தவற்றுள் ஒன்றே. மாற்றியமைப்பதையே தவறென்று நாங்கள் சொல்ல வரவில்லை. குப்பைக்குப் போக இருந்த கருவிக்கு மேலும் சில ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்களோடு உயிர் கொடுத்தது அந்த மாற்றமே. படங்களையும் எண்களையும் காப்புப்பிரதி எடுக்கும் செயலியை இன்றும் வைத்திருக்கிறோம்.

உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். ரேம் என்றும் ரூட் என்றும் நாங்கள் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த போன் மேல குத்தம் இல்ல" என்றார். விட்டுப்போன நோன்பை ஷவ்வாலில், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, களாச் செய்தார்.

அடுத்த ஆண்டு ரமளானில் அக்கைப்பேசி ஒரு நாளும் தவறவில்லை. எங்கள் இருவரின் கைப்பேசிகளிலும் தனித்தனியே மணி வைத்தோம். ஆயினும் உம்மாவின் அலமாரியில், ஊரிலிருந்து வரவழைத்த, சாவி கொடுக்கும் பழைய மேசைக் கடிகாரம் ஒன்று வந்து அமர்ந்திருக்கிறது. கைப்பேசிக்கு ஐந்து நிமிடம் முன்பாகவே அது அடித்துவிடுகிறது.