புரொஜக்டரும் வாட்ச்மேன் தாத்தாவும்

சீலிங்கில் புரொஜக்டர் மாட்டுறது பெரிய வேலை இல்லீங்க. அதைச் சுவரில் இருக்கிற ஒரு பட்டன் பேச்சைக் கேட்க வைக்கிறதுதான் தலைவலி.

எங்க ஊர் ஹாலில் நிகழ்ச்சி முடிஞ்ச அடுத்த நொடி வாட்ச்மேன் தாத்தா மெயினை அணைச்சிடுவார். ஃபேன் ஓடி லாம்ப் ஆறுறதுக்குள்ள கரண்ட் போனா லாம்ப் ஆயுசு குறையும். புதுசு வாங்க அங்கே காசு ஏது?

கன்ட்ரோலரோட இணைக்க ரெண்டு வழி. ஒண்ணு ஆர்எஸ்-232. பல மாடல்களுக்கு 2, 3 பின்கள் குறுக்கே மாறின கேபிள் வேணும். ரெண்டு பக்கமும் வேகம் ஒண்ணா இருக்கணும். நீளம் 15 மீட்டருக்குள்ள இருந்தா நிம்மதி.

இன்னொண்ணு, 2005-ல் ஜப்பானில் வந்த பிஜேலிங்க். லேன் கேபிள், போர்ட் 4352. இது இருக்கிற புரொஜக்டர் எந்த கம்பெனியா இருந்தாலும் அடிப்படை பாஷை ஒண்ணுதான். ஸ்டாண்ட்பையிலும் நெட்வொர்க் விழிச்சிருக்கணும்னு மெனுவில் வெச்சிடுங்க. இல்லேன்னா சில மாடல்களை அணைக்கலாம், எழுப்ப முடியாது!

இதில் எனக்குப் பிடிச்சது, பவர் நிலை கேட்டா 2-ன்னு பதில் வரும். 'இன்னும் ஆறிக்கிட்டிருக்கேன்'னு அர்த்தம். 0 வந்தாதான் ஸ்டாண்ட்பை. அதை வெச்சு பட்டன் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு போட்டோம்.

இப்போ தாத்தா எங்களையே மிரட்டுறார்: "செவப்பு அணையல தம்பி, மெயின்ல கை வைக்காதே!" :-)