மூன்று எழுத்துக்குப் பின்னால்

மலை ஓட்டப்போட்டி ஒன்றின் முடிவுப் பட்டியலைக் கீழே இழுத்துக்கொண்டு போனால், ஓர் இடத்தோடு நேரங்கள் நின்றுவிடும். அதற்குக் கீழே பெயர்கள் மட்டும்தான். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அதே மூன்று எழுத்து: டீ.என்.எஃப். முடிக்கவில்லை என்று அர்த்தம். ஏன் முடிக்கவில்லை என்று எழுத அந்தப் பட்டியலில் இடமில்லை.

நாங்கள் கலைப்பீடத்து ஆட்கள். எங்கட போடிங்கில் ஒருத்தரும் ஓடுறதில்லை, பஸ்ஸைப் பிடிக்க ஓடினால்தான் உண்டு. ஆனாலும் இரண்டு வருடமாக ஓகஸ்ட் கடைசி வந்தால் எங்கட டேற்றா முழுக்க ஒரு போட்டிக்குத்தான் போகிறது. பிரான்ஸின் சமொனியில் தொடங்கி, இத்தாலி, சுவிற்சர்லாந்து வழியாக மொன் பிளாங் மலைத்தொடரைச் சுற்றித் திரும்பவும் சமொனிக்கே வருகிற யூ.ரி.எம்.பி. ஏறத்தாழ 170 கிலோமீற்றர். ஏறுகிற உயரத்தை மட்டும் கூட்டினால் கிட்டத்தட்ட 10,000 மீற்றர். நேர எல்லை 46 மணி 30 நிமிடம். 2003 இல் முதல் தடவை நடந்தபோது 700 பேருக்கு மேல் தொடங்கி, 67 பேர்தான் முடித்தார்கள். இப்போது வேறு ஓட்டங்களில் தகுதி பெற்றவர்களைத்தான் சேர்க்கிறார்கள். அப்படியிருந்தும் மூன்றிலொரு பங்கு அளவானவர்கள் இடையில் நிற்கிறார்கள்.

ஏன் எண்டு கேட்டால் எல்லாரிட்டயும் ஒரு பதில் தயாராக இருக்கும்: "மனசில உறுதி காணாது." அந்தப் பதிலில் எங்களுக்கு ஒரு கோபம் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது எண்டு பிறகு சொல்லுறம். முதலில் உடம்பைப் பார்ப்பம்.

கன பேரை நிற்பாட்டுவது வயிறு. மணிக்கணக்கில் ஓடும்போது உடம்பு இரத்தத்தைக் கால் தசைகளுக்கும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்புகிறது. குடலுக்குப் போகிற பங்கு குறைகிறது. சாப்பிட்டது செமிக்காது, குமட்டும், சத்தி வரும். தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கிற மாச்சத்து சில மணித்தியாலத்துக்குத்தான் காணும். அதற்குப் பிறகு சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் ஓட வேணும். ஒரு வாய்கூட உள்ளே போகாத ஆளுக்கு எந்த மனவுறுதி சக்தி குடுக்கும்? சரி, தண்ணியைக் குடிச்சுச் சமாளிக்கலாம் எண்டால் அதிலும் ஆபத்து. அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலையிடி, தடுமாற்றம், மோசமானால் வலிப்பு வரைக்கும் போகும்.

அடுத்தது கால். சிவனொளிபாதமலை ஏறினவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். அடுத்த நாள் போடிங் படியில் பக்கவாட்டாக இறங்க வைத்தது, மலையிலிருந்து இறங்கின இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை இழுபட்டபடியே உடம்பின் பாரத்தைத் தாங்கி நிறுத்துகிறது. ஒவ்வோர் அடியிலும் தசைநாரில் சின்னச் சின்னச் சேதம். நாங்கள் இறங்கினது ஒரு மலை. இவர்கள் ஏறின 10,000 மீற்றரையும் இறங்கித் தீர்க்க வேணும். முதல் மலையில் உற்சாகத்தில் பாய்ந்து இறங்கினவருக்கு அதன் கணக்கு மூன்றாவது, நாலாவது மலையில் வரும். ஈரச் சப்பாத்துக்குள் வந்த கொப்புளம், நித்திரையில்லாமல் பாறையெல்லாம் ஆட்களாகத் தெரிகிற இரண்டாம் இரவு, இதெல்லாம் அதற்கு மேலே.

இன்னொன்று, அந்தப் பட்டியலில் இருக்கிற எல்லாரும் தாங்களாக நின்றவர்கள் இல்லை. வழியில் இருக்கிற தரிப்பிடங்களுக்கு மூடும் நேரம் உண்டு. பிந்தி வந்தால் அதோடு சரி, பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். முதலாவதாக வருகிறவர் இருபது மணித்தியாலம் அளவில் முடித்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். கடைசியில் வருகிறவர்கள் இரண்டு இரவு வெளியில் நிற்கிறார்கள், அதுவும் கடிகாரத்துக்குப் பயந்து, இருந்து இளைப்பாற நேரமில்லாமல். யாருக்கு ஓய்வு கூடத் தேவையோ அவருக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது.

மனசுக்குப் பங்கே இல்லையா எண்டு கேட்டால், இருக்கு. 80 ஆவது கிலோமீற்றர் அளவில், இத்தாலிப் பக்கம் கூர்மயோர் என்ற ஊர். அங்கே ஒரு விளையாட்டு மண்டபம். மாற்றுடுப்புப் பை, சூடான சாப்பாடு, கதிரை எல்லாம் இருக்கும். அங்கிருந்து சுரங்கப்பாதையால் போனால் சமொனி ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். கதவுக்கு வெளியே அடுத்த மலை நிற்கிறது. அந்தக் கதிரையிலிருந்து எழும்புவதற்கு மனவுறுதி வேணும்தான். ஆனால் அங்கே வந்து இருக்கிற ஆளின் வயிறும் தொடையும் எந்த நிலையில் இருக்கு என்பதைப் பொறுத்துத்தான் மனசும் கதைக்கும்.

மனவுறுதிக் கதையை நம்புகிறவர்கள் பெரிய ஓட்டக்காரரின் பெயர்களையும் அந்தப் பட்டியலில் தேடிப் பார்க்க வேணும். யூ.ரி.எம்.பி.யை மூன்று தடவை வென்றிருந்த கிலியன் ஜோர்னெட் 2018 இல் இடையில் நின்றார். காரணம் ஒரு தேனீ, கொட்டினது ஒவ்வாமையாகிவிட்டது. 2022 இல் வந்து நாலாவது தடவையும் வென்றார். 2018 இலும் 2021 இலும் நின்ற ஜிம் வோல்ம்ஸ்லி பிரான்ஸுக்கே குடிபெயர்ந்து, அந்த மலைகளில் பழகி, 2023 இல் வென்றார். கோர்ட்னி டௌவால்ட்டர் 2019 யூனில், கலிபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தில் பெண்களில் முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தபோதே இடுப்பு ஏலாமல் நின்றுவிட்டார். இரண்டு மாதம் கழித்து யூ.ரி.எம்.பி.யில் பெண்களில் முதலாவதாக வந்தார். யூனில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியிருந்தால் அவவுக்கு அந்த ஓகஸ்ட் கிடைத்திருக்குமா?

முடிப்பதே விதிவிலக்காக இருக்கிற ஓட்டமும் உண்டு. அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் 1986 இலிருந்து நடக்கிற பார்க்லி மரதன். ஒரே காட்டுப் பாதையை ஐந்து சுற்று, 60 மணித்தியாலத்துக்குள். காட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிற புத்தகங்களில் தன் இலக்கத்துக்குரிய பக்கத்தைக் கிழித்து வந்து காட்ட வேணும். நின்றவர்களுக்கு ஒரு ஊதுகுழல் வாசிப்பார்கள், இராணுவத்தில் இறுதி மரியாதைக்கு வாசிக்கிற இசை. 2024 வரைக்கும் முழுதாக முடித்தவர்கள் 20 பேர். 2017 இல் கெரி ராபின்ஸ் எல்லாப் பக்கங்களோடும் வந்து சேர்ந்தார், நேரம் முடிந்து 6 செக்கன் கழித்து. அதுவும் புகாருக்குள் வழி மாறி, பிழையான பக்கத்தால். 2024 இல் ஜாஸ்மின் பாரிஸ் 99 செக்கன் மிச்சம் வைத்து முடித்தார். அதை முடித்த முதல் பெண். முந்தின இரண்டு வருடமும் வந்து முடிக்காமல் திரும்பினவ. அறுபது மணித்தியாலம் ஓடின ராபின்ஸிடம் உறுதி காணாது எண்டு யார் சொல்லுவினம்?

நிற்கத் தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு நாள் இருக்கிறது. 2021 மே 22, சீனாவின் கன்சு மாகாணம், 100 கிலோமீற்றர் மலை ஓட்டம். 172 பேர் ஓடினார்கள். மேலே ஏறிக்கொண்டிருந்தபோது பலத்த காற்று, ஆலங்கட்டி, உறைகிற மழை. கன பேர் மெல்லிய உடுப்போடு இருந்தார்கள். காற்றைத் தடுக்கிற ஜக்கெற் கட்டாயமாக இருக்கவில்லை. வாகனம் போக முடியாத பகுதி. 21 பேர் இறந்தார்கள். சீனாவின் முன்னணி ஓட்டக்காரர் லியாங் ஜிங்கும் அவர்களில் ஒருவர். ஏற்றத்தில் முன்னுக்கு நின்ற உறுதியான ஆட்களைத்தான் குளிர் முதலில் பிடித்தது. இடையில் திரும்பி இறங்கினவர்கள் உயிரோடு வந்தார்கள். மழைக்கு ஒரு குகைக்குள் ஒதுங்கியிருந்த ஜூ கெமிங் என்ற ஆட்டிடையர் ஆறு பேரை உள்ளே கொண்டுவந்து, நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார். அந்த ஆறு பேரும் போட்டியை முடிக்கவில்லை.

இப்ப எங்கட கோபத்துக்கு வருவம். எங்களோடு முதலாம் வருடம் படித்த ஒருத்தன் இரண்டாம் வருடம் திரும்பி வரவில்லை. ஊரில் அதற்கு ஒரே வசனம்: "கம்பசை விட்டிட்டானாம்." சொல்லுகிறவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். பிறகு தங்கட பிள்ளையைப் பார்த்து, "எடுத்த காரியத்தை முடிக்கோணும், விளங்குதோ?" தகப்பன் பாரிசவாதத்தில் விழுந்தது, கடையைத் திறக்க வேறு ஆளில்லாதது, கீழே இரண்டு தங்கச்சிமார் படிக்கிறது, ஒன்றும் அந்த வசனத்துக்குள் இல்லை. அதுவும் ஒரு டீ.என்.எஃப். தான்.

விட்டது எல்லாம் சரி எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. கதிரையிலிருந்து எழும்பியிருக்கலாம் எண்டு பிறகு நினைக்கிற ஓட்டக்காரரும் இருப்பார்கள். ஆனால் தீர்ப்புச் சொல்ல முதல், எத்தனையாவது கிலோமீற்றர், என்ன காலநிலை, வயிற்றில் என்ன இருந்தது எண்டாவது கேட்க வேணும். ஓட்டக்காரர்கள் தங்களுக்குள் முதலில் கேட்கிறதும் அதைத்தான். எங்கட ஆட்கள் கேட்பது குறைவு.

அவன் இப்ப கடையைப் பார்க்கிறான். போன மாதம் கதைக்கும்போது வெளிவாரிப் பட்டத்துக்கு எப்ப பதிவு தொடங்குது எண்டு கேட்டான். விசாரிச்சுச் சொல்லுறம் எண்டிருக்கிறம்.