வென்ற நகரில் ஒரு கேள்வி

விளையாட்டு என்றால் மாலை வெயிலில் ஓடியாடுவதே என்று எண்ணி வளர்ந்தவன் நான். ஆதலால், தில்லியின் குளிர்கால விடுமுறையில் என் மகன் கணிப்பொறியின் முன் அமர்ந்து, 'ரோம்: டோட்டல் வார்' என்னும் போர் விளையாட்டில் மூழ்கிக் கிடந்தது எனக்குப் பிடிக்கவில்லை. கடிந்துகொள்ளச் சென்றவன், அருகில் அமர்ந்துவிட்டேன்.

அது 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த விளையாட்டு. கதை கி.மு. 270-இல் தொடங்குகிறது. ரோமாபுரியின் பெருங்குடும்பம் ஒன்றின் தலைமையை ஏற்று, வரி தண்டி, சாலை அமைத்து, படை திரட்டி, நகரங்களை ஒவ்வொன்றாகக் கைப்பற்ற வேண்டும். யானைப் படையை எதிர்கொள்ளும் முறையை மகனே எனக்குக் கற்பித்தான். அன்று அவன் தகப்பன்சாமி ஆனான்!

மூன்றாம் நாள் நானே படை நடத்தி, ஆப்பிரிக்கக் கடற்கரையிலிருந்த கார்த்தேஜ் நகரைப் பிடித்தேன். உடனே திரையில் மூன்று வழிகள் தோன்றின: குடிகளை வாழவிட்டு ஆள்வது, அடிமைகளாக்குவது, கொன்றொழிப்பது. மூன்றாவதில் கொள்ளைப் பொருள் மிகுதி; கலகமும் குறையும். சற்றும் தயங்காமல் அதனையே அழுத்தினேன்.

"அப்பா, அந்த ஊரில் குழந்தைகள் இருந்திருக்க மாட்டார்களா?" என்று கேட்டான் மகன்.

'வெறும் விளையாட்டுத்தானே' என்று சொல்ல வாயெடுத்தேன், நா எழவில்லை. கி.மு. 146-இல் ரோமானியர் உண்மையாகவே கார்த்தேஜை அழித்தனர். ஆறு நாட்கள் தெருத் தெருவாகப் போர் நடந்தது. எஞ்சிய ஏறத்தாழ 50,000 பேர் அடிமைகளாயினர். வென்ற தளபதி சிப்பியோ எமிலியானஸ், எரியும் நகரைக் கண்டு கண்ணீர் விட்டார். என்றேனும் ஒரு நாள் ரோமாபுரிக்கும் இக்கதி நேருமே என்று கலங்கினார். உடனிருந்த வரலாற்றாசிரியர் பொலிபியஸ் அதனை எழுதிவைத்தார்.

நகரை எரித்தவரே அழுதார். நானோ கொள்ளைப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்!

வெட்கத்தோடு அந்த வரலாற்றை மகனுக்குச் சொன்னேன். அடுத்த நகரை அவன் வென்றபோது குடிகளை வாழவிட்டான். நகரம் ஓயாமல் கலகம் செய்தது; படையில் பாதி அங்கேயே காவல் நிற்க நேர்ந்தது. "இருக்கட்டும் அப்பா" என்றான்.

பெற்றோர்களே, கணிப்பொறியை மூடிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாலைப்பொழுதேனும் பிள்ளையின் அருகில் அமருங்கள். ஊரை விட்டு வந்து வாழும் நம் வீடுகளில் கதை சொல்லத் தாத்தாவும் பாட்டியும் உடனில்லை. திரையில் வீழும் நகரங்களில் மனிதர் வாழ்ந்தனர் என்பதை நாமாவது சொல்ல வேண்டாமா? சில வேளைகளில், அதனை அவர்களே நமக்குச் சொல்வார்கள்.